நீ விட்டுவிட்டு வரவேண்டிய கேள்விகள்

இளங்கோ,

நீ கேட்ட கைடை நான் அனுப்பப்போவதில்லை. அது தொலைந்துபோகவில்லை. பரண்மேல் உன் காலேஜ் புத்தகங்களோடு, நீ பழைய நியூஸ் பேப்பரில் அட்டை போட்டு வைத்த மாதிரியே இருக்கிறது. இந்தப் பார்சலில் அதற்குப் பதிலாக வேறொரு கட்டு வருகிறது. கட்டைப் பிரிக்குமுன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு. நீளமாகத்தான் இருக்கும். ஒரு லீவ் லெட்டரையே ரெண்டு பக்கம் எழுதுகிற ஆள் நான் என்று நீ கேலி செய்வாய். இது லீவ் லெட்டர் இல்லை, அதனால் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும்.

டிசம்பரில் மறுபடியும் அந்த எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வை எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். இதுதான் கடைசித் தடவை, இதிலும் கிடைக்காவிட்டால் ஈரோட்டிலேயே பாங்க் கிளார்க்காகக் காலத்தைத் தள்ளிவிடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். பொங்கலுக்கு வந்தபோது அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து உன் அம்மாவிடம் நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான் வெளியே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு மூள அவ்ளோதாம்மா. இங்க வூட்ல தொண்ணூறு தொண்ணூறா வாங்கிக்கினு இருந்தேன், அங்க போயி ஒண்ணுமில்லாம வந்தேன். அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் நாம ஆவமாட்டோம்" என்றாய். நான் உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், அன்றைக்கு எனக்கும் அது உண்மையாக இருக்குமோ என்று இருந்தது. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு சைக்கிள் துடைத்தவன் நான். சித்திரையில் ஒருவன் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. உன் மூளையில் ஒரு குறையும் இல்லை. உனக்குத் தப்பான பயிற்சித் தேர்வைப் பொறுக்கிக் கொடுத்தது நான். சரியானது உன் கைக்கு வந்தபோது அதைப் பிடுங்கி எறிந்ததும் நான்தான்.

இதைச் சொல்ல நான் ஐந்தாம் வகுப்பு படித்த காலத்துக்குப் போகவேண்டும். காலாண்டுப் பரீட்சை, கணக்குப் பேப்பர். பெரிய வீட்டு மாடுகளை மேய்க்க என் அப்பா என்னை அனுப்பிய நாட்களில் நடத்திய பாடத்திலிருந்து பாதிக்கு மேல் வந்திருந்தது. தெரியாததை விட்டுவிட்டேன், அது நியாயம் என்று நினைத்தேன். திருத்தி முடித்த வாத்தியார் என் பேப்பரை வகுப்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். "பார்றா, சேரிப் பையன் பேப்பர. வெள்ளையா கொண்டாந்து குடுத்துகிறான். செட்டியார் கடையில போட்டா மொளகாப் பொட்டலம் கட்டலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் தெருப் பையன்களும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்து அவர்கள் பேப்பர்தான் மேலே போகும். அன்றிலிருந்து எந்தப் பரீட்சையிலும் நான் ஒரு கேள்வியைக்கூட விட்டதில்லை. தெரியாவிட்டால் கேள்வியையே வேறு வார்த்தையில் திருப்பி எழுதுவேன். பானிப்பட்டுப் போரைக் கேட்டால் எனக்குத் தெரிந்த பிளாசிப் போரை எழுதிவிட்டு வருவேன். கை நிற்கக்கூடாது, தாள் வெள்ளையாக இருக்கக்கூடாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் தேறியது அப்படித்தான். பேப்பர் திருத்துகிறவர் பாவம் பார்த்து ஒன்றோ இரண்டோ போடுவார், அந்த ஒன்றும் இரண்டும் சேர்ந்து என்னை வாத்தியார் ஆக்கின. வாத்தியாரான பிறகு நம் தெருப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான். வெற்றிடம் விட்டவனுக்குப் பிரம்படி. தப்பாக எழுதியவனுக்கு அடி கிடையாது. நான் அப்படி அடித்துத் தேறியவர்கள் இன்று மின்சார வாரியத்தில் இருக்கிறார்கள், கூட்டுறவு சொசைட்டியில் இருக்கிறார்கள். ஆகவே அந்த முறை தப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பரீட்சைகளுக்கு அது தப்பும் இல்லை. உலகத்துப் பரீட்சை எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம் என்று நான் நம்பியதுதான் தப்பு.

நீ பி.காம். முடித்துவிட்டு வந்து, பிசினஸ் ஸ்கூல் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு நுழைவுத் தேர்வு இருக்கிறது என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி நடத்தப் படிப்பா என்று உன் அம்மா கேட்டாள். "முதலாளிங்களுக்குக் கூட பள்ளிக்கூடம் கீதா" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எந்த நிலத்தில் என் அப்பா கூலியாக நின்றாரோ அந்தப் பெரிய வீட்டு நிலத்துக்காரன் பிள்ளை சேகரும் அதே தேர்வுக்குப் படிக்கிறான் என்று நீ சொன்ன நிமிஷமே எனக்கு அது பரீட்சையாகத் தெரியவில்லை. வேறு ஒன்றாகத் தெரிந்தது. அங்கேயே நான் கெட்டுப்போனேன்.

உனக்குப் பயிற்சித் தேர்வுப் புத்தகம் வாங்க நானே மெட்ராஸுக்குப் போனேன், நினைவிருக்கிறதா? "நானும் வர்றேன் நைனா" என்றாய். "நீ படி, நான் பாத்துக்குறேன்" என்றேன். அப்போது மூர் மார்க்கெட் இருந்தது. அங்கே ஒரு பழைய புத்தகக் கடைக்காரன் ரெண்டு புத்தகத்தை எடுத்துப் போட்டான். ஒன்று மெல்லிசு, சைக்ளோஸ்டைல் எடுத்துத் தைத்தது, அட்டைகூட இல்லை. இன்னொன்று தலையணை கனத்துக்கு இருந்த இந்தக் கைடு. "இதுல தப்பா போட்டா மார்க்க கழிப்பாங்க சார். அசல் பரிச்சையிலயும் அப்டித்தானாம். ஆனா பசங்களுக்கு ஒரே பேஜாரு, திருப்பிக் கொண்டாந்து குடுத்துருவானுங்க" என்று மெல்லிசைக் காட்டினான். தடித்ததைத் தட்டி, "இதான் சார் பெஸ்ட்டு. கழிக்கிறதெல்லாம் இல்ல. எல்லாப் பசங்களும் தொண்ணூறுக்குக் கொறயாம வாங்குவானுங்க" என்றான். யோசித்துப் பார், தேர்வு நடத்துகிறவன் கொடுக்காத மார்க்கை பிளாட்பாரத்துக்காரன் கொடுக்கிறான், நானும் வாங்கிக்கொண்டு வருகிறேன். அவனாவது உண்மையைச் சொன்னான். அசல் பரீட்சையில் கழிப்பார்கள் என்று என் முகத்துக்கு நேரே சொன்னான். எனக்குக் கேட்டது தொண்ணூறு மட்டும்தான். உனக்கு எது தேவை என்று நான் பார்க்கவில்லை. நீ வாங்கும் மார்க்கை நான் டீக்கடையில் சொல்லவேண்டுமே, அதற்கு எது தோதாக இருக்கும் என்று பார்த்தேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தைத் திறந்து உன்னை மூன்றாவது பெஞ்சில் உட்காரவைத்தேன். நீ அந்தக் கைடிலிருந்து தேர்வு எழுதுவாய், நான் பிரம்போடு நடப்பேன். இருபத்தியோரு வயசுப் பிள்ளையை அடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் நீ ஒரு கேள்வியைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் அந்தக் கேள்வியின்மேல் பிரம்பு நுனியை வைப்பேன். நீ நிமிர்ந்து பார்ப்பாய். "நைனா, அசல் பரிச்சையில தப்பா போட்டா இருக்கிறதையும் புடுங்கிக்குவாங்க. தெரியாதத வுட்றணும். தேர்வு நடத்துறவங்க அனுப்பின புஸ்தகத்துலயே போட்டுக்கீறாங்க" என்று ஒரு தடவை சொன்னாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வுட்றணும்னு எவன் சொல்லுவான்? வுட்டாலும் பரவாயில்லன்னு இருக்கிறவன் சொல்லுவான். நமக்கு அது கட்டாது. போடு" என்றேன். நீ போட்டாய். தெரியாததற்கெல்லாம் நாலு விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் போட்டாய். கழிக்காத புத்தகம் என்பதால் அதிலும் சில சரியாக வந்தது, மார்க் ஏறியது. எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று நான் டீக்கடையில் சொல்லிக்கொண்டே போனேன். டீக்கடை மணி, "வாத்தியாரே, போற போக்கப் பாத்தா நூத்துக்கு நூத்திப்பத்து வாங்குவான் போல" என்றான். கேலி என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இனி மோட்டார் கொட்டகைக்கு வருகிறேன். இந்த இடத்தை எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். சேகர் மெட்ராஸில் கோச்சிங் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே வாராவாரம் வைக்கும் தேர்வுத்தாள்களை ஊருக்குக் கொண்டுவருவான். பஸ்ஸில் உன்னைப் பார்த்து, தனியாகப் போட்டால் தூக்கம் வருகிறது, ரெண்டு பேரும் கடிகாரம் வைத்துப் போடலாம் வா என்று கூப்பிட்டிருக்கிறான். நீ என்னிடம் கேட்டாய். "அவங்க வூட்ல எங்க ஒக்கார வைப்பான் ஒன்ன? வாசல்லயா, மாட்டுக் கொட்டாயிலயா?" என்று நான் கேட்டேன். "வூட்ல இல்ல நைனா. மோட்டார் கொட்டாயில" என்றாய். இரண்டு பேரும் கூச்சப்படாமல் உட்கார ஓர் இடத்தை நீங்களே கண்டுபிடித்திருந்தீர்கள். எனக்கு அது தோன்றவில்லை. என் அப்பா அந்தக் குடும்பத்தை ஆண்டே ஆண்டே என்று கூப்பிட்டு வாழ்ந்து செத்தவர். என் வாயால் அந்த வார்த்தை வராது என்று நான் வாத்தியார் வேலையில் சேர்ந்த அன்று முடிவு செய்தவன். வேண்டாம் என்றேன். நீ எனக்குத் தெரியாமல் போனாய். போனது சரி என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

யாரோ சொல்லி நான் அங்கே வந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிச் சுவரில் நீ ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், நடுவில் அவன் கைக்கடிகாரம். இரண்டு பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள். அவன் அப்பா வரப்பில் துண்டோடு நின்றார். என்னைப் பார்த்ததும் உன் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா வாத்தியாரே, ஒம் பையன் பாதிய வெள்ளையா வுட்டுகினு கீறான். நீ சொல்லித்தர்ல?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மனதில் வைத்துச் சொன்னாரா, சும்மா சொன்னாரா, எனக்குத் தெரியாது. எனக்கு மிளகாய்ப் பொட்டலம்தான் காதில் விழுந்தது. உன் தோளைப் பிடித்துத் தூக்கினேன். நீ, "முடியப்போவுது நைனா, கொஞ்ச நேரம்" என்றாய். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் கொடுக்கவில்லை. உன் தாளை அங்கேயே போட்டுவிட்டு வரப்பில் உன்னை முன்னால் நடக்கவிட்டு வந்தேன். சேகரின் தாளை ஒரு கண் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பார்த்திருந்தால் அதிலும் வெள்ளைதான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என்னைக் கேட்டாள். அவள் அன்றைக்கு அதே பெரிய வீட்டு வயலில் நடவு முடித்துவிட்டுக் கால் சேற்றோடு நின்றாள். "நான் அவங்க சேத்துல எறங்கி நிக்கிறேன், அது ஒனக்கு ரோசமா இல்ல. புள்ள அவங்க தொட்டி மேல ஒக்காந்து நாலு எழுத்து எழுதினா ரோசம் வந்துட்ச்சா? ரோசம் ஒன்னுது, பரிச்ச அவனுது. ரெண்டையும் ஏன்யா ஒண்ணா கொழப்புற?" என்றாள். நான் அவளை வாயை மூடச் சொன்னேன். நீ திரும்பிக்கொண்டு படுத்தாய். அதற்குப் பிறகு நீ சேகரோடு பேசவில்லை. அந்தக் கைடை மட்டும் போட்டாய், பிரம்பு நுனி வைத்த எதையும் விடவில்லை.

தேர்வு நாளன்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் உன்னை ஏற்றிவிட்டபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன கடைசி வார்த்தை, "ஒண்ணுகூட வுடாத." பஸ் கிளம்பின பிறகும் கையை அசைத்து அதையே சொன்னேன். நீ தலையாட்டினாய். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. அதுதான் உன்னைக் கவிழ்த்தது. தேர்வில் ஒன்றுகூட விடாமல் எல்லாக் கேள்விக்கும் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்தாய். உனக்குத் தெரிந்து சரியாகப் போட்டதையெல்லாம் தெரியாமல் போட்டது தின்றுவிட்டது. நேர்முகத் தேர்வுக்கு உனக்கு அழைப்பு வரவில்லை. சேகருக்கு வந்தது.

நான் ஊரில் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "அவங்களுக்கு மெட்ராஸ்ல ஆள் கீது. நம்ம பசங்க பேரப் பாத்தே தள்ளி வெச்சிருப்பானுங்க" என்றேன். அது முழுப் பொய் இல்லை. அவனுக்குக் கோச்சிங் இருந்தது, கான்வென்ட் இங்கிலீஷ் இருந்தது, படிக்க மின்விசிறி போட்ட ரூம் இருந்தது. உனக்கு ஆறாம் வகுப்பில்தான் ஏ, பி, சி, டி. இந்த அநியாயத்தை நான் சாகிறவரைக்கும் சொல்வேன், சொல்லாமல் இருக்கிறவனை மனுஷனாகவே மதிக்கமாட்டேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த அநியாயத்தின் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன். அந்தப் பிள்ளையிடம் இருந்ததில் ஒரே ஒன்று உனக்கும் சும்மா கிடைத்தது, அந்தக் கொட்டகையில், கடிகாரத்தோடு. அந்தக் கதவை அடைத்தது அவர்கள் இல்லை. நான்.

சித்திரையில் காஞ்சிபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில் சேகரைப் பார்த்தேன். பம்பாயில் சோப்புக் கம்பெனியில் இருக்கிறான், லீவுக்கு வந்திருந்தான். எழுந்து இடம் கொடுத்தான். நான் உட்காரவில்லை. "இளங்கோ இன்னா பண்றான் சார்?" என்று கேட்டான். சொன்னேன். "அன்னிக்கு மோட்டார் கொட்டாயில பேப்பர வுட்டுட்டுப் போய்ட்டானே, அத நான்தான் சார் திருத்தினேன். கழிச்சிதான் போட்டேன். என்னவிட அவன்தான் ஜாஸ்தி. எனக்கு எரிச்சலா வந்துது, முழுசா கூட முடிக்கல அவன்" என்றான். "அவன் பாதி வுட்டிருந்தானே" என்றேன். "நான் அவனவிட ஜாஸ்தி வுட்டேன் சார். வுடறதுக்குத்தான் கிளாஸே வெக்கிறாங்க. எது நம்மால ஆவாதுன்னு மொதல்ல பாத்து ஒதுக்கிறணும். அவனுக்கு அது யாரும் சொல்லித்தராமயே வந்துது" என்றான். இதை ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீங்கதான சார் எங்க கூட பேசக்கூடாதுன்னுட்டீங்க."

இதுதான் உனக்கு நான் சொல்லவேண்டிய சேதி, இளங்கோ. நீ சரியான தேர்வை ஒரே ஒரு தடவை, அதுவும் முடிக்காமல் போட்டாய். அதில் சேகரை ஜெயித்தாய். அந்த மார்க் என்ன என்றே தெரியாமல் இத்தனை வருஷம் உன்னை மக்கு என்று நீயே நினைத்துக்கொண்டிருந்தாய். நானும் கூடவே நினைத்தேன்.

அந்தப் பழைய தாள்கள் எல்லாம் வீட்டில் கட்டிக் கிடக்கின்றன, அப்பாவிடம் சொல்லிவைக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சேகர் சொன்னான். சொல்லிவிட்டு பம்பாய் போய்விட்டான். நான் போகவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. உன் கடிதம் வந்தது, அந்தக் கைடை அனுப்பு நைனா என்று. அதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் என் செருப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

போனேன். பெரிய வீட்டுக்காரர் இப்போது தளர்ந்துவிட்டார், சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "சேகர் சொன்னான். அப்டி மாட்டுக் கொட்டாய் பக்கமா வா வாத்தியாரே" என்றார். "இல்லீங்க, இங்கியே நிக்கிறேன்" என்று முன்கேட்டிலேயே நின்றேன். வெயில் நன்றாக அடித்தது. உள்ளே தேடுகிற சத்தம் கேட்டது. "பையன் பாங்க்லதான கீறான். அப்பறம் இன்னாத்துக்கு இதெல்லாம்? போதாதா?" என்று கேட்டார். "போதாதுங்க" என்றேன். அவர் மனைவி கட்டைக் கொண்டுவந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் அதைக் காம்பவுண்ட் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். எடுத்துக்கொண்டேன். வாத்தியார் வேலையில் இத்தனை வருஷம் இருந்தும் ஒரு காகிதக் கட்டைச் சுவரிலிருந்துதான் எடுக்கவேண்டியிருக்கிறது என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அந்தக் கோபம் தணியவில்லை. தணியவும் வேண்டாம். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தபோது என்னிடமிருந்து எதுவும் குறைந்துபோனதாகத் தெரியவில்லை. இந்த ரோசத்தைத்தானா அன்றைக்கு உன் எதிர்காலத்தைக் கொடுத்துக் காப்பாற்றினேன் என்று இருந்தது.

இப்போது உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், பயிற்சித் தேர்வைப் பொறுக்குவதில் எப்படியெல்லாம் தப்பு செய்யலாம் என்று என்னைவிடத் தெரிந்தவன் யார். முதலில் தேர்வு நடத்துகிறவர்கள் இந்த வருஷம் அனுப்பும் விளக்கப் புத்தகத்தைப் படி. அதில் உள்ள சட்டம் எதுவோ அதே சட்டத்தில் திருத்துகிற தேர்வை மட்டும் போடு. எத்தனை நிமிஷமோ அத்தனை நிமிஷத்தில் போடு. இந்தக் கட்டு சில வருஷம் பழசு, கேள்விகள் மாறியிருக்கலாம். இதில் பழகிக்கொண்டு, புதுசாக ரெண்டு மூன்று வாங்கிக்கொள். நிறைய வேண்டாம். ஒன்றைப் போட்டுவிட்டு, எதை விட்டாய், ஏன் விட்டாய், விடவேண்டியதை ஏன் போட்டாய் என்று அதைவிட அதிக நேரம் உட்கார்ந்து பார். உன்னைக் கெட்டிக்காரன் என்று சொல்கிற தேர்வைத் தூக்கி ஓரமாக வை. மார்க் குறைந்தால் பயப்படாதே, அது அங்கேயே குறையட்டும், தேர்வு மண்டபத்தில் குறையவேண்டாம். வாங்கின மார்க்கை யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக எனக்கு எழுதாதே. எனக்கு இன்னும் டீக்கடைப் புத்தி முழுசாகப் போகவில்லை. பாங்கில் உன்னைப் போல யாராவது எழுதினால், எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், நடுவில் கடிகாரத்தை வைத்துச் சேர்ந்து போடு.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தைத் திறந்து மூன்றாவது பெஞ்சில் நானே உட்கார்ந்தேன். கட்டிலிருந்து ஒரு தேர்வை எடுத்தேன். உன் அம்மா டைம்பீஸை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கணக்கில் சிலது புரிந்தது, இங்கிலீஷ் பத்திகளில் பாதி புரியவில்லை. முதல் தெரியாத கேள்வி வந்தபோது கை அதுவாகவே ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கப் போனது. நிறுத்திப் பிடித்தேன். தாண்டி அடுத்ததற்குப் போக என்னால் முடியவில்லை, கண் திரும்பத் திரும்ப அந்த வெள்ளைக் கட்டத்துக்கே வந்தது. யாரோ பின்னால் நின்று சிரிக்கப்போகிற மாதிரி கழுத்தில் வேர்த்தது. இந்த வேர்வையை உனக்கு நான்தான் கொடுத்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. பிறகு தாண்டினேன். இரண்டாவது கொஞ்சம் சுலபமாக இருந்தது. நேரம் முடிந்ததும் உன் அம்மா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாயா, இவ்ளோ நேரம் ஒக்காந்துக்கினு பாதி காலியா கீது?" என்றாள். "தெர்ல. வுட்டுட்டேன்" என்றேன். "நீயா?" என்று கேட்டுவிட்டு, டைம்பீஸைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் அவள் சிரித்தது பிடித்திருந்தது.

மறுநாள் வகுப்பில் கணக்குச் சிலேட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் ஒரு கணக்கைப் போடாமல் விட்டிருந்தாள். நான் பக்கத்தில் வந்ததும் கையை நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை பிள்ளைகள் என் முன்னால் இப்படி நின்றிருப்பார்கள். "தெரியாதா?" என்றேன். "தெர்ல சார்" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "சரி. தெரிஞ்சப்பறம் போடு" என்று அடுத்த சிலேட்டுக்குப் போனேன். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது, வாத்தியாருக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

டிசம்பரில் நீ தேர்வுக்குப் போகும்போது நான் பஸ் ஏற்றிவிட வரமாட்டேன். ஈரோட்டிலிருந்தே போய்விடு. ஜன்னல் பக்கத்தில் யார் குரலும் இல்லாமல் போ. கட்டின் மேலேயே என் விடைத்தாளை வைத்திருக்கிறேன், பெயர் எழுதியிருக்கிறது. விடைக்குறிப்பு கடைசித் தாளில் இருக்கிறது. நீயே திருத்து. தப்புக்குச் சரியாகக் கழி, அப்பன் என்று பார்க்காதே. விட்டதை மட்டும் ஒன்றும் கேட்காதே, அதையெல்லாம் நான் தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.

உன் நைனா